‘ராத்திரி பூரா ஏசி ஓடும் சார்’

மே மாதம், கத்திரி வெயிலில், கேரவன் வாடகைக்கு எடுத்து ராமேஸ்வரம், கன்னியாகுமரி போய் வந்தோம். அதே யோசனையில் இருப்பவர்கள் அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் ஆறு பேர். மாமனாருக்கு 74 வயது, முழங்கால் வலி. வண்டிக்குள்ளேயே படுக்கை, டாய்லெட், ஏசி என்றதும் அவருக்காகவே புக் செய்தேன். நாள் வாடகை 18,000 ரூபாய், மூன்று நாளைக்குப் பாதிப் பணம் முன்பணம். “வண்டி நின்னாலும் ராத்திரி பூரா ஏசி ஓடும் சார், லித்தியம் பேட்டரி” என்றார் ஓனர். வாட்ஸாப்பில் வந்த படங்களில் லெதர் சோபா, ஊதா கலர் எல்இடி, பெரிய டிவி எல்லாம் இருந்தன. பேட்டரி படம் மட்டும் இல்லை. நானும் கேட்கவில்லை.

பகலில் இன்ஜின் ஏசி, குறையே இல்லை. முதல் ராத்திரி ராமநாதபுரம் பக்கம் ஒரு ஹோட்டல் வளாகத்தில் நிறுத்தினோம். 11 மணிக்கு இரண்டு ஏசியில் ஒன்றை மட்டும் போட்டுவிட்டுப் படுத்தோம். 12.10-க்கு இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தியது. அஞ்சு நிமிஷத்தில் எல்லாம் அணைந்தது, ஃபேன் உட்பட. ஜன்னல்களில் பாதி திறக்கவே திறக்காத கண்ணாடி. மாமனார் பனியனோடு எழுந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

டிரைவரை எழுப்பி, பக்கவாட்டுக் கதவைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். வீட்டு இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவோமே, அதே டியூபுலர் பேட்டரி, கொள்ளளவு 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர்), இரண்டு. டெர்மினலில் பச்சையாகப் பூத்திருந்தது. 12 வோல்ட் கணக்கில் இரண்டும் சேர்ந்து 3.6 யூனிட். இந்த ரக பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும் என்பதால் கைக்கு வருவது 1.8. ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை யூனிட் இழுக்கும். அது ஒரு மணி நேரம் தாண்டி ஓடியதே பெரிய விஷயம். விடிய விடிய ஓட 10 யூனிட்டாவது வேண்டும். 12 வோல்ட் லித்தியத்தில் அது 800 ஏஎச்.

வாட்ச்மேன், பாவம், தன் அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துக் கொடுத்தார். 6 ஆம்ப் பிளக். அதில் 1,400 வாட் போனாலே அதிகம். இங்கே ஏசி, ஃப்ரிட்ஜ், காலி பேட்டரிக்கு சார்ஜர், மூன்றும் ஒன்றாக இழுத்தன. இருபது நிமிஷத்தில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பிடுங்கிப் பார்த்தால் பின் பழுப்பாகியிருந்தது.

“ஜென்செட் போட்டுடலாம் சார், மணிக்கு அறுநூறு. ஜன்னலை மட்டும் மூடிக்குங்க” என்றார் டிரைவர். ஜென்செட், அதாவது ஜெனரேட்டர், இருந்தது பிள்ளைகள் படுத்திருந்த படுக்கைக்கு நேர் கீழே. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், ரோட்டோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் செத்துக் கிடந்தார்களே, ஜெனரேட்டரிலிருந்து உள்ளே வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. இந்த வண்டியில் அதற்கான அலாரம் எங்கே என்று கேட்டேன். “அப்படி ஒண்ணு இருக்கா சார்?” என்று திருப்பிக் கேட்டார். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து போட்டு, கொசுக்கடியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

காலையில் ஓனருக்குப் போன் போட்டேன். “ஏசி ஓடும்னுதான் சொன்னோம் சார். லோடு பாத்து யூஸ் பண்ணணும்ல?” லித்தியம் என்ன ஆச்சு? “அது வேற வண்டி.” அவர் சொன்னதெல்லாம் வாய்வார்த்தை, எழுத்தில் ஒன்றும் இல்லை. ஒரு பைசா திரும்பி வரவில்லை.

அடுத்த ராத்திரி கன்னியாகுமரி லாட்ஜில் இரண்டு ஏசி ரூம் தனியாகப் போட்டோம். பதினெட்டாயிரம் ரூபாய் கேரவன் வாசலில் நின்றது. டிரைவர் அதற்குள் படுக்கவில்லை, நிழலான இடம் பார்த்து வெளியே பாய் விரித்துக்கொண்டார்.