கிருசேடர் கிங்ஸ் 3: முதல் ஆட்டத்துக்கு அயர்லாந்தா, டொலேடோவா, வைகிங்கா?

இடைக்கால மன்னராக இருந்து தலைமுறை தலைமுறையாக ஒரு வம்சத்தை நடத்தும் கணினி விளையாட்டான கிருசேடர் கிங்ஸ் 3-க்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் வரைபடத்தில் யாருக்கு நிறைய இடம் இருக்கிறது என்று பார்த்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தயவுசெய்து மதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து நிலத்தின் மேல் என்ன காரணம் சொல்லிப் படையெடுக்கலாம், வழிபாட்டுத் தலத்தின் வருமானம் யார் கைக்குப் போகும், நீங்கள் செத்த பிறகு நாடு எத்தனை துண்டாகும் என்பதில் எல்லாம் மதத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

புதியவர்களுக்கு வழக்கமாக மூன்று வழி சொல்வார்கள். 1066-இல் அயர்லாந்தின் மன்ஸ்டர் (கத்தோலிக்கம், நிலப்பிரபுத்துவம்), அதே ஆண்டில் ஸ்பெயின் பக்கம் டொலேடோ அமீர் யஹ்யா (இஸ்லாம், குல ஆட்சி), 867-இல் ஸ்வீடனில் பியோர்ன் அயர்ன்சைட் (நார்ஸ் பழஞ்சமயம், பழங்குடி ஆட்சி).

மன்ஸ்டரை விளையாட்டே பயிற்சிக்களமாகத் தருகிறது, அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் உங்கள் மதம்தான். அரசவை மதகுருவுக்கு முக்கியமாக இரண்டு வேலை: ஒரு கவுண்டியை (மாவட்டம் மாதிரியான சிறு பகுதி) மதம் மாற்றுவது, இல்லையென்றால் பக்கத்து கவுண்டி மேல் உரிமைப் பத்திரம் ஜோடிப்பது. அயர்லாந்தில் மாற்றுவதற்கு ஆளே இல்லாததால் அவர் முழு நேரமும் பத்திரம் ஜோடிக்கலாம். ஒரு கவுண்டி பிடி, நிலைப்படுத்து, அடுத்ததற்குப் போ. பிடித்த இடத்தில் உங்கள் கட்டுப்பாடு 100-க்குக் கீழே விழுந்திருக்கும், அது ஏறும்வரை வரியும் படையும் குறைவாகத்தான் வரும், ஆகவே படையைக் கவனிக்கும் அமைச்சரான மார்ஷலை உடனே அங்கே அனுப்பிவிடுங்கள். இதை மறந்துவிட்டு ‘இவ்வளவு நிலம் இருந்தும் காசில்லையே’ என்று தவிப்பவர்கள் நிறையப் பேர்.

கத்தோலிக்கத்தின் தலைவலி பிஷப், அதாவது அந்த அரசவை மதகுருதான். உங்கள் கவுண்டிகளில் உள்ள தேவாலயங்கள் அவர் பொறுப்பில் இருக்கும். அவருக்கு உங்களைப் பிடித்தால்தான் அந்த வரியும் படையும் உங்களுக்கு வரும். அவரை நியமிப்பதும் நீங்கள் இல்லை, நினைத்தபோது நீக்கவும் முடியாது. சரி, பரிசு கொடுத்துச் சமாளியுங்கள், அந்தக் காசு வீண் போகாது. பக்திப் புள்ளிகள் சேர்ந்து போப்புக்கும் உங்கள் மேல் நல்ல எண்ணம் இருந்தால், அவரிடமே தங்கமோ நிலத்தின் மேல் உரிமையோ கேட்கலாம். ஆனால் பலர் கவனிக்காத பெரிய வசதி துறவு. கத்தோலிக்கத்தில் துறவறம் ஒரு கோட்பாடாகவே இருப்பதால், இளைய மகனை மடத்தில் சேரச் சொல்லிக் கேட்கலாம். அவன் ஒப்புக்கொண்டால் வாரிசு வரிசையிலிருந்து விலகிவிடுவான், நிலம் மூத்தவனிடமே தங்கும். ஆட்டத்தின் தொடக்கத்தில் பெரும்பாலான நாடுகள் மகன்களுக்குள் பங்காகிற நிலையில் இதன் மதிப்பு மிகப் பெரியது.

டொலேடோ இதற்கு நேரெதிர். மதகுருவை நீங்களே வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் மாற்றலாம், பள்ளிவாசல் உள்ள நிலத்தையும் அபராதம் இல்லாமல் நேரடியாக வைத்துக்கொள்ளலாம். வருமான விஷயத்தில் பிஷப்பின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. வடக்கே கிறிஸ்தவ அரசுகள் இருப்பதால் பத்திரமும் தேவையில்லை, பக்தியைச் செலவழித்துப் புனிதப் போர் தொடுத்து ஒரே அடியில் ஒரு டச்சியையே (பல கவுண்டிகள் சேர்ந்த பகுதி) எடுக்கலாம். சிக்கல் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. பிடித்த கவுண்டிகள் எல்லாம் வேற்று மதம், மக்களுக்கு உங்களைப் பிடிக்காது, கலகம் வரும்; மதகுரு ஒருவர்தான், ஒரு நேரத்தில் ஒரு கவுண்டியைத்தான் மாற்ற முடியும். அதனால் பிடித்ததை எல்லாம் கையில் வைத்திருக்காமல் சிலவற்றை உங்கள் மதத்து ஆட்களுக்குச் சிற்றரசாகக் கொடுத்துவிடுங்கள், நீங்களே நேரடியாக வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்தின் வரம்பைத் தாண்டினால் எப்படியும் வரியும் படையும் வெட்டுப்படும். குல ஆட்சியில் சிற்றரசர்களை வரி வசூலிப்பவர்களின் கீழ் பிரித்து வைக்கிற வேலையும் சேரும். இன்னொன்று: நான்கு மனைவி வரை கட்டலாம் என்பது கூட்டணிக்கு அருமை, பங்கு பிரிக்கும் நாளில் அதுவே வினை. ஆண் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருந்தால் மூத்தவனுக்கு என்ன மிஞ்சும் என்று வாரிசுத் திரையில் அடிக்கடி பாருங்கள்.

பியோர்னை எடுத்தால் முதல் தலைமுறை கொண்டாட்டம்தான். கடல் வழியாகப் போய்க் கொள்ளையடித்தால் கஜானா நிரம்பும், அக்கம்பக்கத்தில் நிலம் பிடிப்பதும் எளிது. ஆனால் சீர்திருத்தப்படாத பழஞ்சமயத்தில் இருக்கும்வரை மிக மோசமான பங்கீட்டுச் சட்டத்திலேயே மாட்டியிருப்பீர்கள். ஸ்வீடன் அரசராக இருந்துகொண்டு நார்வேயில் போதுமான நிலம் பிடித்தால், அந்தப் பட்டத்தை நீங்கள் உருவாக்காவிட்டாலும் உங்கள் சாவில் விளையாட்டே உருவாக்கி இரண்டாவது மகனைத் தனி அரசனாக்கிவிடும். மதம் மாறாமல் வெளியேற வழி, உப்சாலா, பாடர்போர்ன் மாதிரியான ஐந்து புனிதத் தலங்களில் மூன்றைப் பிடித்து, ஏராளமான பக்தி சேர்த்து, சமயத்தைச் சீர்திருத்துவது. அது முடிந்தால்தான் நிலப்பிரபுத்துவத்துக்கும் போக முடியும். முதல் ஆட்டத்திலேயே இதைச் செய்வது கடினம்.

என் தேர்வு மன்ஸ்டர், சந்தேகமே இல்லை. அங்கே மதம் உங்களை அதிகம் தொந்தரவு செய்யாததால் நிலம் ஆள்வதை மட்டும் நிதானமாகப் படிக்கலாம். அயர்லாந்து அரசர் பட்டம் கைக்கு வந்து முதல் வாரிசும் சேதமில்லாமல் ஏறிவிட்டால், தாராளமாக டொலேடோவுக்குப் போங்கள். பியோர்னை அதற்கு அடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.