எந்திரனா 2.0-வா, ஷங்கருக்கு எது பெரிய பாடு?

நேத்து பாளையங்கோட்டை டீக்கடைல இதே பேச்சுதாம்ல. நான் சொல்லுதேன், எந்திரன்தான் பெரும்பாடு, 90கள்லயே கமலை வச்சு யோசிச்ச கதை அது, நடக்காம போயி கடைசில ரஜினி வந்து 2010லதான் தியேட்டருக்கே வந்துச்சு, நடுவுல 2008ல வசனம் எழுதுன எழுத்தாளர் சுஜாதா வேற தவறிட்டாரு, வசனத்துல ஷங்கர், மதன் கார்க்கி பேரும் சேந்துச்சு. ரோபோ செய்ய ஹாலிவுட்டு ஸ்டான் வின்ஸ்டன் ஸ்டுடியோ ஆளுவ.

2.0 கஷ்டம் வேற மாதிரி. பின்னாடி 3டிக்கு மாத்தாம நேரா 3டி கேமராவுலயே எடுத்தாவ, அப்போ ஒவ்வொரு ஷாட்டுக்கும் இடது கண்ணு வலது கண்ணுன்னு ரெண்டு படம், கிராபிக்ஸ் வேலையும் அதுக்கேத்த மாதிரி ஏறும்லா. 2017 தீபாவளின்னாவ, 2018 ஜனவரின்னாவ, வந்தது நவம்பர் 29 (எங்க மச்சான் அதுக்குள்ள கல்யாணமே முடிச்சிட்டான்). லைகா பணம் போட்டுச்சு, ஆனா பணத்த வச்சு டைம வாங்க முடியல பாத்துக்கோ.

2.0-ல வர்ற செல்போன் பறவை மிரட்டல்தான், இல்லங்கல. ஆனா சிட்டி ரோபோவோட நக்கலு முத படத்துலதாம்ல இருக்கு, டிவில போட்டா இப்பவும் சேனல் மாத்த மாட்டேன்.