ஸ்டீல் கிட்டாருக்குப் பழைய ஆம்ப்: வால்வா, டிரான்சிஸ்டரா?

பழைய ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) என்றாலே கிட்டார்காரர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்களால் ஆன சின்ன வால்வ் ஆம்ப்பை முழுச் சத்தத்தில் வைத்து, அது தொண்டை கட்டிக் கரகரக்கும் இடத்தில்தான் அவர்களுக்குச் சுகம். கிடத்தி வைத்து, தந்திகள் மேல் உலோகக் கட்டையை நகர்த்தி, பெடல்களால் சுருதியை மாற்றி வாசிக்கும் கிட்டார்தான் பெடல் ஸ்டீல். அதை வாசிப்பவர் பயப்படுவதும் அதே இடத்துக்குத்தான். பழைய ஆம்ப்களின் சந்தை மதிப்பு பெரும்பாலும் ஆறு தந்திக்காரர்களின், அதாவது சாதாரண கிட்டார் வாசிப்பவர்களின், ரசனையை ஒட்டியே ஏறி இறங்குகிறது. அதனால் அவர்கள் மூக்கைச் சுளித்து ஒதுக்கும் சில பெட்டிகள்தான் நமக்கு வேண்டியவை.

காரணம் வலது காலில் இருக்கிறது. பெடல் ஸ்டீலில் தந்தியை மீட்டும்போது வால்யூம் பெடல் பாதியளவில்தான் இருக்கும். ஒலி தேயத் தேயப் பெடலை அழுத்திக்கொண்டே போக வேண்டும்; அந்த நீண்ட, தேயாத இழுப்பு அப்படித்தான் வருகிறது. ஆம்ப்பிடம் கையிருப்புச் சக்தி இல்லையென்றால், பெடலை அழுத்தும்போது கரகரப்பு மட்டும்தான் கூடும். இன்னொன்றும் உண்டு. இரண்டு மூன்று தந்திகள் சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்றின் சுருதியை மட்டும் சுருதி மாற்றும் பெடல் மேலே ஏற்றும். சிதைந்த ஒலியில் அந்தச் சுருதிகளின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய சுருதிகள் பிறந்து, ஏறும் தந்தியோடு சேர்ந்து அவையும் நழுவும். கேட்கச் சகிக்காது.

இத்தனைக்கும் மின்சார கிட்டார் வணிகமே மடியில் வைத்து வாசிக்கும் லேப் ஸ்டீலில்தான் தொடங்கியது. 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கரின் ‘ஃப்ரையிங் பேன்’ அப்படிப்பட்டதுதான். லியோ ஃபெண்டரும் 1945இல் டாக் காஃப்மனோடு சேர்ந்து லேப் ஸ்டீலும் அதற்கு ஜோடியாகச் சின்ன ஆம்ப்பும்தான் செய்தார்.

சரி, போட்டிக்கு வருவோம். முதல் பெயர் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப். 1963இல் வந்த கறுப்பு முகப்பு மாடல்: நான்கு 6எல்6 வால்வுகள், 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள். 1968 வாக்கில் முகப்பு வெள்ளி நிறமானது. 70களின் பிற்பகுதியில் சக்தி 135 வாட் வரை ஏறியது. கிட்டார்காரர்கள் கறுப்பு முகப்புக்கு அள்ளிக் கொடுப்பார்கள், 135 வாட்காரனை ‘கண்ணாடி மாதிரி இருக்கிறது, உடையவே மாட்டேன் என்கிறது’ என்று திட்டுவார்கள். நமக்கு வேண்டியது அந்த உடையாத கண்ணாடிதான். ஸ்டீல் வாசிக்க மட்டும் என்றால் கறுப்பு முகப்புக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் என்பது என் கட்சி.

ட்வினின் குறை ஸ்பீக்கரில் இருக்கிறது. மேல் தந்திகளில் 12 அங்குலம் சில சமயம் காதைக் குத்தும். பெடல் ஸ்டீலின் சி6 என்ற சுருதி அமைப்பில் கடைசித் தந்தியோ ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். அங்கே அந்த ஸ்பீக்கருக்கு மூச்சு முட்டும். இதற்குப் பதிலாக 1972இல் வந்ததுதான் வைப்ரோசோனிக் ரிவெர்ப். உள்ளே கிட்டத்தட்ட அதே ட்வின், வெளியே ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். ஜேபிஎல் நிறுவனத்தின் ஸ்பீக்கர் போட்டது கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். 4 அங்குல வாய்ஸ் காயிலும் (ஸ்பீக்கரை அசைக்கும் கம்பிச் சுருள்) நடுவில் அலுமினிய மூடியும் கொண்ட ஜேபிஎல் 15 அங்குலங்கள் கீழே தடிப்பையும் மேலே மினுக்கையும் ஒருசேரத் தரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் வித்தியாசத்தை விளக்க யாரும் தேவையில்லை. வைப்ரோசோனிக்கில் ஒரு தந்தியைத் தனியாக இழுத்தால் ஒலி உருண்டையாக வரும். ட்வினில் அது ஓரம் தெரியும்படி நிற்கும். தூக்கும்போது மட்டும் இரண்டும் ஒன்றுதான். ட்வினே 30 கிலோவை ஒட்டி நிற்கும், ஜேபிஎல் சேர்ந்தால் இன்னும் கூடும்.

அடுத்தவர் மிசிசிப்பியின் மெரிடியனிலிருந்து வந்த பீவி செஷன் 400. 70களின் நடுவில் வந்தது, சுத்த டிரான்சிஸ்டர், 200 வாட், 15 அங்குலம். வால்வ் இல்லாததை ‘விண்டேஜ்’ என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஐம்பது வயதானவரை வேறு எப்படி அழைப்பது? ஸ்டீல்காரர்களை நேரடியாக மனதில் வைத்து வடித்த ஆம்ப் இது. அதன் வாரிசான நாஷ்வில் 400இல், மிட் (நடு ஒலிப்பகுதி) எந்த அலைவரிசையில் குறைய வேண்டும் என்பதையும் நாமே தேர்ந்துகொள்ளலாம். 800 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்துக் குறைத்தால் மூக்கடைப்பு போய்விடும் என்பது ஸ்டீல்காரர்கள் கைமாற்றிக்கொள்ளும் பழைய பாடம். ஃபெண்டரின் டோன் சுற்றில் நடுப்பகுதி இயல்பாகவே குழிந்திருப்பதால் அங்கே இந்தக் கவலை குறைவு.

வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் என்னதான் வித்தியாசம்? மெதுவான பாட்டில், ஒரே ஒரு சுருதி தனியாக நிற்கும்போது, ஃபெண்டரில் அதைச் சுற்றி ஒரு ஈரம் இருக்கிறது. பீவியில் அது துடைத்து வைத்தது போல இருக்கும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்த பிறகு என்னால் அந்த ஈரத்தைப் பிரித்தறிய முடிவதில்லை. பெடலை முழுக்க அழுத்தியும் ஒலி கலங்காமல் நிற்பதுதான் அங்கே காதில் விழுகிறது. மேடைக்கு பீவி, ஒலிப்பதிவுக்கு வைப்ரோசோனிக். இரண்டில் ஒன்றுதான் என்றால் பீவி.

ஸ்டாண்டல் 25எல்15 என்று ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவில் பாப் க்ரூக்ஸ் 1953இல் ஸ்டீல் கலைஞர் ஸ்பீடி வெஸ்டுக்காகச் செய்தது: 25 வாட், ஜேபிஎல் டி130 ஸ்பீக்கர். 25 வாட் இவ்வளவு சுத்தமாக ஒலிக்குமா என்று வியக்க வைக்கும் பெட்டி. இப்போது அது சேகரிப்பாளர்களின் பொருள். மேலே பேசப் பயனில்லை.

லேப் ஸ்டீல் மட்டும் வாசிப்பவருக்குக் கணக்கு வேறு. அங்கே தந்திகளின் சுருதியைத் தனித்தனியாக மாற்றும் பெடல்கள் இல்லை, ஒற்றைத் தந்தியில் இழைந்து போகும் ப்ளூஸ் உண்டு. ட்வீட் துணி போர்த்திய ஃபெண்டர் டீலக்ஸ் போன்ற சின்ன ஆம்ப் தொண்டை கட்டிப் பாடுவது அங்கே அழகுதான்.

வயதான உடம்பு என்பதையும் மறக்கக் கூடாது. வால்வ் ஆம்ப்பில் பழைய மின்தேக்கிகள் காய்ந்து ஹம் (முணுமுணுக்கும் இரைச்சல்) எழும், மாற்ற வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், ஆகவே தெரிந்தவர் கையில் கொடுங்கள். இரண்டு முள் மின்கம்பி இருந்தால் முதல் வேலையாக எர்த் உள்ள மூன்று முள்ளாக்குங்கள். பீவியில் அவ்வளவு தொல்லை இல்லை. ஒலி விட்டுவிட்டு வந்தால் பெரும்பாலும் பின்புற ஜாக்குகள் துருவேறியிருக்கும். ஒரு கம்பியை நாலைந்து முறை செருகி எடுத்தாலே பல சமயம் சரியாகிவிடும்.

வாங்கும் முன் கேட்டுப் பார்க்கப் போனால் உங்கள் ஸ்டீலையும் வால்யூம் பெடலையும் கொண்டுபோங்கள். விற்பவர் ஆறு தந்தியில் வாசித்துக் காட்டுவதை மரியாதைக்குக் கேளுங்கள். அப்புறம் மேலே மூன்று தந்திகளை மீட்டி, அவை தேயும்போது பெடலை மெல்ல அடிவரை அழுத்துங்கள். கடைசியாகக் கீழ்த் தந்தியை ஒருமுறை தட்டி, பெட்டி அதிர்கிறதா, ஒலி அதிர்கிறதா என்று பாருங்கள்.