ஸ்டென்டா, மாத்திரையா? கிட்னி ரத்தக்குழாய் அடைப்பில் நான் எடுத்த முடிவு

மூன்று மாத்திரை போட்டும் என் பிரஷர் 170-ஐ விட்டு இறங்கவில்லை. உப்பைக் குறைத்தாயிற்று, தினமும் நடந்தாயிற்று. கடைசியில் ஒரு மருத்துவர் படுக்கச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பைத் தொப்புளுக்கு மேலே கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். "உஸ்ஸுனு ஒரு சத்தம் வருது, டாப்ளர் எடுத்துடலாம்" என்றார். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், அதன் பிறகு சாயம் ஏற்றி ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோ. இடது சிறுநீரகத்துக்குப் போகும் தமனியில் கொழுப்புப் படிந்து 70 சதவீதம் அடைப்பு. வலது பக்கம் சுத்தமாக இருந்தது.

"அடைப்புன்னு தெரிஞ்சாச்சு, எடுத்துட வேண்டியதுதானே அண்ணா?" என்றான் தம்பி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கடைசியில், அடைத்த குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாயான ஸ்டென்டை நான் வைத்துக்கொள்ளவில்லை. மாத்திரைப் பக்கம் சாய்ந்தவன் எழுதுகிற அலசல் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

தம்பி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்தால், உடம்பு முழுக்கவே ரத்தம் குறைந்துவிட்டது என்று அது எடுத்துக்கொண்டு ரெனின் என்ற நொதியைச் சுரக்கும். அதனால் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் உருவாகும். குழாய்கள் இறுகும், உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பிரஷர் ஏறும். ஹாரி கோல்ட்பிளாட் என்பவர் 1934-லேயே நாய்களின் சிறுநீரகத் தமனியில் கவ்வி போட்டு இறுக்கி இதைக் காட்டிவிட்டார். அப்படியானால் கவ்வியை எடுத்தால் பிரஷர் இறங்க வேண்டும் அல்லவா? என் வயதுக்காரர்களிடம்தான் இந்தக் கணக்கு உதைக்கிறது. பல வருஷப் பிரஷரில் மற்ற குழாய்களும் விறைத்துப் போயிருக்கும். பிரஷரால் அடைப்பு வந்ததா, அடைப்பால் பிரஷர் வந்ததா என்று பிரித்துச் சொல்வதே கஷ்டம்.

ஸ்டென்ட் வைக்கும் முறை பலருக்கும் தெரிந்ததுதான்: தொடையிலோ கையிலோ கம்பியை நுழைத்து, பலூனால் விரித்து, வலைக்குழாயைப் பொருத்துவார்கள். ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஊசி போட்ட இடத்தில் ரத்தக்கசிவு, சாய மருந்தால் சிறுநீரகத்துக்குச் சிரமம், உரசலில் பெயர்ந்த கொழுப்புத் துகள் உள்ளே போய் அடைப்பது என்று சிக்கல்களும் உண்டு. அதற்காக நான் பயந்து ஒதுங்கவில்லை.

நான் மருத்துவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஸ்டென்ட் போட்டா பிரஷர் மாத்திரை நின்னுடுமா டாக்டர்?"

"ஒண்ணு குறையலாம். நிக்கும்னு சொல்ல மாட்டேன்."

முடிவு அங்கேயே பாதி ஆகிவிட்டது. ஸ்டென்டுக்குப் பிறகும் பிரஷர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை எல்லாம் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கக் கூடுதல் மாத்திரை சேரும். ஸ்டென்டுக்குள்ளேயே மறுபடி சுருங்குகிறதா என்று டாப்ளரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 2014-ல் வெளியான கோரல் என்ற ஆய்வில், இதே கொழுப்பு அடைப்பு உள்ள தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஒரு அணிக்கு மாத்திரை மட்டும், இன்னொன்றுக்கு மாத்திரையோடு ஸ்டென்ட். மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, மரணம் போன்ற பெரிய பாதிப்புகள் ஸ்டென்ட் அணியில் 35.1 சதவீதம், மற்றதில் 35.8. மேல் பிரஷரில் கிடைத்த லாபம் சுமார் 2 புள்ளி. முடிவில் இரண்டு அணியிலுமே சராசரியாக மூன்று மாத்திரைக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2009-ல் வந்த ஆஸ்ட்ரல் ஆய்விலும் ஸ்டென்டுக்குத் தெளிவான ஆதாயம் தெரியவில்லை.

அதற்காக மாத்திரை வழி சோம்பேறிகளுக்கானது என்று எண்ண வேண்டாம். இதன் பராமரிப்புதான் ஆளைப் படுத்தும். ஏற்கெனவே போட்டதில் ஒன்றை நிறுத்திவிட்டு எனக்கு டெல்மிசார்டன் என்ற, ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் பிரஷர் மாத்திரையை ஆரம்பித்தார்கள். பத்து நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. சீட்டை வாங்கிப் பார்த்தால், சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் 1.1-லிருந்து 1.3, பொட்டாசியம் 4.4-லிருந்து 4.9. கை நடுங்கிவிட்டது. மருத்துவர் அசரவே இல்லை. அடைப்புள்ள சிறுநீரகத்தில் வடிகட்டிக்கு அடுத்த குழாயை இறுக்கிப் பிடித்து, வடிகட்டும் அழுத்தத்தைக் காப்பாற்றுவதே ஆஞ்சியோடென்சின்தான். அதை மாத்திரை தளர்த்துவதால் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறத்தான் செய்யும் என்றார். 30 சதவீதம் வரை ஏறினால் பெரும்பாலும் மாத்திரையைத் தொடர்ந்தபடி கவனிப்பார்களாம். என்னுடையது 18. ஒரு மாதத்தில் 1.2-க்கு வந்தது, பிரஷர் 130-க்கு வந்தது.

மூன்றாம் மாதம் தப்பு செய்தது நான்தான். முழங்கால் வலிக்கு நானாகவே டைக்ளோஃபெனாக் வாங்கி நாலு நாள் போட்டேன். கிரியாட்டினின் 1.6. வலி மாத்திரையை நிறுத்தி, அது பழைய நிலைக்கு இறங்க இரண்டு வாரம் ஆனது. இப்போது வலிக்கு எது எழுதினாலும் "எனக்குக் கிட்னி ரத்தக்குழாயில் அடைப்பு" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உடனே மருத்துவருக்குப் போன்; உடம்பில் நீர் வற்றும் நாட்களில் இந்த மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்வார். டோஸ் மாறும்போதெல்லாம் ரத்தப் பரிசோதனை வேறு. இதையெல்லாம் கவனிக்க ஆளில்லாத வீடு என்றால் நானே மாத்திரை வழிக்கு அவசரப்பட்டு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஸ்டென்ட் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. திடீர் திடீரென்று நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடுபவர்கள். இரண்டு பக்கமும் அடைத்தவர்கள், ஒற்றைச் சிறுநீரகத்தில் அடைப்பு உள்ளவர்கள், அதிலும் கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போகிறவர்கள். எல்லா மாத்திரையும் முழு அளவில் போட்டும் பிரஷர் அடங்காதவர்கள். இந்த மாதிரி முற்றிய கேஸ்கள் அந்த ஆய்வுகளில் அதிகம் சேரவில்லை என்ற விமர்சனம் உண்டு, அது நியாயமானதும்கூட. நான் அந்த நிலையில் இருந்திருந்தால் தம்பி பேச்சைத்தான் கேட்டிருப்பேன். இளம், நடுத்தர வயதுப் பெண்களுக்கு அதிகம் வரும் நார்த்தசை வளர்ச்சிக் கோளாறு வேறு கதை. தமனி மணிமாலை மாதிரி தெரியும். பெரும்பாலும் பலூன் மட்டும் போதும், சிலருக்குப் பிரஷர் மாத்திரையே தேவைப்படாமல் போகும். அது என் வியாதி இல்லை என்பதால் அனுபவமாக எதுவும் சொல்ல முடியாது.

என் அனுபவமே மூன்று வருஷம்தான். வருஷத்துக்கு ஒரு டாப்ளரில் இடது சிறுநீரகத்தின் நீளத்தை அளக்கிறார்கள். முதலில் 9.8 சென்டிமீட்டர், போன முறை 9.6. ஸ்கேன் எடுப்பவர் கை மாறினாலே இந்த அளவு வித்தியாசம் வரும் என்றார்கள். நன்றாகச் சுருங்கிவிட்ட சிறுநீரகத்துக்கு ஸ்டென்ட் போட்டும் பெரிதாகப் பயனில்லை. மனசு மாறுவதானால் அதற்கு முன்பே மாற வேண்டும். அடுத்த டாப்ளருக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது.