விண்டோஸ், லினக்ஸ், மேக்: தமிழ் டெக்ஸ்ட் ஃபைல் எங்கே உடைகிறது?

பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் தமிழர் பலருக்கு இது வழக்கமான நிலவரம்: ஆபீஸ் கொடுத்தது விண்டோஸ், வீட்டில் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ், அறைத்தோழரிடம் மேக். வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தானே, எங்கே திறந்தால் என்ன என்று தோன்றும். ஆங்கிலத்துக்கு அது ஏறக்குறைய சரி. தமிழுக்கு இல்லை.

வரிமுடிவுத் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. வரி முடிந்ததைக் காட்ட விண்டோஸ் வரிக்கடைசியில் சிஆர், எல்எஃப் என்ற கண்ணுக்குத் தெரியாத இரண்டு பைட் வைக்கும். மற்ற இரண்டும் எல்எஃப் மட்டும். 2018இன் விண்டோஸ் 10 1809 பதிப்பிலிருந்து நோட்பேடும் எல்எஃப்பைச் சரியாகக் காட்டுகிறது. இன்றும் அடிவாங்குவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட்தான்: எந்த நிரலால் ஓட்ட வேண்டும் என்று முதல் வரியில் உள்ள பெயரோடு, கடைசியில் ஒட்டிய சிஆரையும் சேர்த்துப் படித்து, இல்லாத நிரலை லினக்ஸ் தேடும். டாஸ்2யூனிக்ஸ் என்ற கருவியை ஓட்டினால் போதும். ஃபைலின் தலையில், யுடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைப் பதியும் முறை) என்று காட்டும் 'பாம்' எனும் மூன்று பைட் இருந்தால் அதையும் நீக்கிவிடும்.

அதே பாம் எக்செலுக்கு வேண்டும். அது இல்லாத யுடிஎஃப்-8 சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) ஃபைலை டபுள் கிளிக் செய்தால் தமிழ் கந்தலாகத் தெரியும். டேட்டா மெனு வழியாக இறக்கி, யுடிஎஃப்-8ஐக் குறிக்கும் 65001 என்ற எண்ணைத் தேர்ந்தால் சரியாக வரும்.

உண்மையான வம்பு கொம்பும் காலும் சேரும் இடத்தில். 'கோ' என்பதில் ஓகாரக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. ஆனால் கிரெப் என்ற தேடல் கட்டளையில் தேடினால் ஒன்று மற்றதோடு பொருந்தாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு ஃபைல் பெயர்களைப் பிரித்தே பதியும். உபுண்டுவில் ஒரே குறியீடாக எழுதிய 'கோவில்' ஏற்கெனவே இருக்க, அங்கிருந்தும் ஒரு 'கோவில்' வந்தால், ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் அருகருகே நிற்கும். சரிசெய்ய, பெயர்களுக்குக் கான்வ்எம்வி கருவியில் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும்) தேர்வு, ஃபைலின் உள்ளடக்கத்துக்கு யுகான்வ் கருவி. கான்வ்எம்வி முதலில் வெறும் ஒத்திகைதான் காட்டும், 'நோடெஸ்ட்' சேர்த்தால்தான் பெயர் மாறும். ஒத்திகையை நிதானமாகப் படியுங்கள்.

மூன்றிலும் திறக்க வேண்டிய பென்டிரைவுக்கு எக்ஸ்ஃபேட் என்ற வட்டு வடிவம் போதும். 'ஏன்?' போன்ற பெயர்களில் கேள்விக்குறியை மட்டும் எடுத்துவிடுங்கள். லினக்ஸ் ஏற்கும், எக்ஸ்ஃபேட் ஏற்காது.

காலுக்குப் பதில் 'ர', 'ஔ'வுக்குப் பதில் 'ஒ', 'ள' என்று தட்டியிருந்தால் இந்தக் கருவிகள் எதுவும் உதவாது. அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.