மூன்று வருடமாக இடது மட்கார்டோடு

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் ஒன்றை வாங்கி வேலை ஆரம்பித்திருக்கும் நண்பர் நேற்று கேட்டார்: "முன் மட்கார்டு ரெண்டையும் புதுசாவே போட்டுடவா, இருக்கறதைத் தட்டி எடுக்கவா?" போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என்னுடையது 1965 மாடல். வலப்பக்கம் வண்டியோடு வந்த மட்கார்டு. நசுங்கிக் கிடந்ததை டிங்கரிங் செய்து, துரு தின்ற ஓரத்தை வெட்டி, வேறு தகடு வைத்து வெல்டு அடித்தோம். இடப்பக்கத்தில் தட்டுவதற்கே எதுவும் மிஞ்சவில்லை. அதற்கு மட்டும் இப்போது புதிதாகச் செய்து விற்கும் பேனலை வாங்கினேன். மூன்று வருடமாக இரண்டும் ஒரே வெயில், ஒரே மழை.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிய பேனலில் இன்றுவரை ஒரு துருப்பொட்டு கிடையாது. வலதில் வெல்டு பக்கத்தில் போன மழைக்கு ஒரு கொப்புளம் கிளம்பிவிட்டது. பெயிண்டுக்கு முன் மேடுபள்ளத்தை நிரவும் பட்டி வேலையும் இடதில் கொஞ்சம்தான்.

ஆனால் அந்த ஹெட்லைட்! 1965 வண்டியில் விளக்குக் கண்ணாடி மட்கார்டின் வளைவோடு சாய்ந்து படுத்திருக்கும். வண்டியின் முகமே அந்தச் சாய்வுதான். (1968 மாடலிலிருந்து பெரும்பாலானவற்றில் விளக்கு நிமிர்ந்துவிட்டது, பம்பரும் உயர்ந்தது. அந்த மட்கார்டை யாராவது கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள்.) புதிய பேனலில் விளக்குக் குழியின் விளிம்பு மயிரிழை கோணல். குரோம் வளையத்தின் அடித் திருகை முடுக்கினால் மேல் ஓரம் தூக்குகிறது. ரப்பரை இரண்டு முறை மாற்றினேன். இன்னும் அந்த இடுக்கில் என் நகம் நுழைகிறது. மழை பெய்த மறுநாள் கண்ணாடிக்குள் ஆவி படிந்து நிற்கிறது.

போல்ட் துளைகளும் அப்படித்தான். பாடியில் நட்டு நகராது, மட்கார்டுதான் வழிக்கு வர வேண்டும். இரண்டு துளைகளை அரத்தால் ராவி நீட்டினேன். அப்படியும் ஃபுட்போர்டு பக்கம் பீடிங் (மட்கார்டுக்கும் பாடிக்கும் நடுவில் வைக்கும் பட்டை) நெளிந்தேதான் இருக்கிறது. பெயிண்டுக்கு முன்னால் போல்ட்டை மட்டும் போட்டுப் பார்த்தது என் தப்பு. பீடிங், விளக்கு, ஃபுட்போர்டு, பம்பர் எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

சரி, கணக்குப் பார்த்தால் துரு இல்லை, வேலை குறைவு, பார்க்கிறவர்கள் யாரும் வித்தியாசம் சொன்னதில்லை. இருந்தாலும் வாங்காதீர்கள். உங்களிடம் இருக்கிற பழசில் பாதி நல்ல தகடாக இருந்தால்கூட அதையே தட்டி எடுங்கள்.

போன மாதம் பிரித்துப்போட்ட ஒரு வண்டியிலிருந்து எனக்கு அசல் இடது மட்கார்டு கிடைத்தது. ஓரம் கிழிந்து, மூன்று அடுக்குப் பழைய பெயிண்டோடு இருந்தது. மண்ணைக்கூடத் துடைக்காமல் என் விளக்கு வளையத்தைக் கழற்றி அதில் வைத்து அழுத்தினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. சுற்றிலும் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் நுழையவில்லை.