எக்ஸ்டென்ஷன் கிராஷ் ஆகிக்கொண்டே இருந்தால்: ரிஃப்ரெஷா, புதிய புரொஃபைலா?

பயர்ஃபாக்ஸ் பிரவுசரில் ஒரு எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதிக்காக நாம் சேர்க்கும் சிறு மென்பொருள்) அடிக்கடி கிராஷ் ஆனால் பொதுவாக மூன்று வைத்தியம் சொல்வார்கள். அந்த எக்ஸ்டென்ஷனை மட்டும் நீக்கிவிட்டுத் திரும்பப் போடுவது, ‘ரிஃப்ரெஷ் பயர்ஃபாக்ஸ்’ பொத்தானை அழுத்துவது, புதிதாக ஒரு புரொஃபைல் (நம் புக்மார்க், பாஸ்வேர்டு, செட்டிங்ஸ் எல்லாம் சேமிக்கப்படும் தனி இடம்) திறந்து அங்கே குடியேறுவது. டேப்களைத் தொகுத்து வைக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்று என் விண்டோஸ் கணினியில் இப்படித்தான் படுத்தி எடுத்தது. மூன்றையும் யோசித்துப் பார்த்துப் புதிய புரொஃபைலுக்கே போனேன், இன்றும் அதில்தான் இருக்கிறேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதைச் செய்வதற்கு முன்னாலும் ஒரு சோதனை. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே பயர்ஃபாக்ஸைத் திறந்தால் கோளாறு கண்டுபிடிப்பதற்கான டிரபிள்ஷூட் மோட் வரும். அதில் கிராஷ் நின்றுவிட்டால் பலரும் உடனே எக்ஸ்டென்ஷன் மேல் பழி போடுகிறார்கள். ஆனால் அந்த மோட் எக்ஸ்டென்ஷன்களோடு ஹார்டுவேர் ஆக்சிலரேஷனையும் (படம் வரையும் வேலையை கிராஃபிக்ஸ் சில்லிடம் விடும் வசதி) சேர்த்தே அணைத்துவிடுகிறது, ஆகவே கோளாறு கிராஃபிக்ஸ் டிரைவரிலும் இருக்கலாம். செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை மட்டும் தனியாக அணைத்து ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ்காரர்கள் முகவரிப் பட்டியில் ‘அபவுட்:தேர்ட்-பார்ட்டி’ என்ற பக்கத்தையும் (ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்) திறந்து பார்க்கலாம், ஆன்ட்டிவைரஸ் மாதிரி வெளி மென்பொருள்கள் பிரவுசருக்குள் நுழைத்திருக்கும் கோப்புகள் அங்கே பட்டியலாக வரும். காரணம் இந்த இரண்டில் ஒன்று என்றால் கீழே சொல்லும் எதுவுமே உதவாது.

சரி, முதல் வழி. நீக்கிவிட்டுத் திரும்பப் போடுவது இரண்டு நிமிட வேலை, எக்ஸ்டென்ஷன் சேமித்திருந்த தகவல் கெட்டுப்போனதுதான் சிக்கல் என்றால் பலிக்கவும் செய்யும். நீக்கும்போது அந்தத் தகவலும் அழிந்துவிடும் என்பதால், எக்ஸ்போர்ட் வசதி இருந்தால் முதலில் ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள். சிங்க் (கணக்கு வழியாகக் கணினிகளுக்கிடையே தகவலை ஒத்திசைக்கும் வசதி) இருக்கிறதே என்று நம்பவும் வேண்டாம். எக்ஸ்டென்ஷனுக்கு சிங்க் வழியாகக் கிடைக்கும் இடம் சுமார் 100 கேபிதான், பெரிய தகவலெல்லாம் அந்தக் கணினியோடேயே நின்றுவிடும்.

ரிஃப்ரெஷ் வசதியானது என்பதை மறுக்கவில்லை. புக்மார்க், பாஸ்வேர்டு, ஹிஸ்டரி, குக்கி எல்லாம் அப்படியே இருக்கும். போவது என்னவென்றால் எக்ஸ்டென்ஷன்களும் அவற்றின் தகவலும், தீம், தளங்களுக்குக் கொடுத்த அனுமதிகள், மாற்றி வைத்த செட்டிங்ஸ், டூல்பார் அமைப்பு. பழைய புரொஃபைலை டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டராக வைத்துவிட்டுத்தான் போகிறது, ஆனால் அதைத் திரும்பப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர நீங்கள்தான் ஃபோல்டருக்குள் இறங்கித் தேட வேண்டும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான், திரும்பிப் போக வழி இருக்கிறதா இல்லையா. புதிய புரொஃபைல் திறக்கும்போது பழையது தொடப்படாமல் அப்படியே இருக்கிறது. ‘அபவுட்:புரொஃபைல்ஸ்’ பக்கத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒன்றை ஒரு சன்னலிலும் மற்றதை இன்னொரு சன்னலிலும் ஒரே நேரத்தில் ஓடவிடலாம். பழையதில் ஒரு டேப் பட்டியலோ விதிகளோ விட்டுப்போனது என்று ஒரு வாரம் கழித்து நினைவு வந்தாலும் போய் எடுத்துக்கொண்டு வரலாம். அதைவிட முக்கியம், எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாகப் போட்டு நடுவில் போதுமான இடைவெளி விட்டால் எது விழுகிறது என்பது தானாகவே தெரிந்துவிடும். ரிஃப்ரெஷ் செய்தாலும் ஒவ்வொன்றாகப் போடலாமே என்று கேட்கலாம், போடலாம்தான், ஆனால் அன்றாட வேலை நடக்கிற இடமும் சோதனை நடக்கிற இடமும் அங்கே ஒன்றாகிவிடுகிறது, அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டுவிடத்தான் கை போகும். தனிப் புரொஃபைலில் அந்த அவசரம் இல்லை, இன்றைய வேலையைப் பழையதிலேயே முடித்துக்கொள்ளலாம்.

குடிபெயரும்போது சில விஷயம் கவனிக்க வேண்டும். பிரவுசரை முழுதாக மூடிவிட்டுத்தான் பழைய புரொஃபைலின் ஃபோல்டரிலிருந்து புதியதற்குக் கோப்புகளை நகலெடுக்க வேண்டும். புக்மார்க்கும் ஹிஸ்டரியும் ‘பிளேசஸ்’ என்ற ஒரே தரவுத்தளக் கோப்பில் இருக்கின்றன. பாஸ்வேர்டுக்கு ‘லாகின்ஸ்’, ‘கீ4’ என்று இரண்டு கோப்புகளும் சேர்ந்தே வர வேண்டும், பூட்டு ஒன்றிலும் சாவி இன்னொன்றிலும் இருப்பதால் ஒன்றை மட்டும் கொண்டுவந்தால் பாஸ்வேர்டு எதுவும் திறக்காது. ‘ஸ்டோரேஜ்’ ஃபோல்டரையும் செட்டிங்ஸ் இருக்கும் ‘பிரெஃப்ஸ்’ கோப்பையும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள், எந்தக் குப்பையிலிருந்து தப்பித்து வந்தோமோ அது அவற்றுக்குள்தான் இருக்க வாய்ப்பு அதிகம். சிங்கில் உள்நுழைகிறவர்கள் ஆட்-ஆன் என்ற டிக்கை எடுத்துவிட்டு நுழையுங்கள், இல்லையென்றால் எல்லா எக்ஸ்டென்ஷனும் ஒரே நேரத்தில் வந்து இறங்கிவிடும், சோதனை வீண்.

குறை இல்லாமல் இல்லை. தளங்களில் எல்லாம் மறுபடி லாகின் செய்ய வேண்டும், ஓடிபி தொல்லை உண்டு. ரிஃப்ரெஷில் குக்கி தங்குவதால் இந்த விஷயத்தில் அதுவே மேல். பிரவுசரில் இரண்டே எக்ஸ்டென்ஷன் வைத்திருப்பவர் ரிஃப்ரெஷ் செய்துவிட்டுப் போகலாம், இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை.

குரோமில் நான் அதிகம் புழங்கியதில்லை, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். அங்கே ரீசெட் செட்டிங்ஸ் எக்ஸ்டென்ஷன்களை நீக்குவதில்லை, அணைத்து மட்டும் வைக்கிறது. கெட்டுப்போன தகவலும் உள்ளேயே இருப்பதால் மறுபடி இயக்கினால் பழைய சிக்கல் திரும்பி வரலாம். அப்புறம், எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் சர்வீஸ் வொர்க்கர் (எக்ஸ்டென்ஷனுக்காகப் பின்னணியில் ஓடும் நிரல்) ‘இன்ஆக்டிவ்’ என்று காட்டினால் பதறாதீர்கள், மேனிஃபெஸ்ட் வி3 என்ற இப்போதைய எக்ஸ்டென்ஷன் முறையில் 30 விநாடி வேலை இல்லாவிட்டால் அது தானாகத் தூங்கப் போய்விடும், அது கிராஷ் கிடையாது.